நூறு வரை எண்ணிய கைகள்

அப்பாவின் இரண்டு கைகளும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன.

புருவம் உயர்ந்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. வரப்போகும் தும்மலுக்காகக் காத்திருப்பவர் போல, செல்போன் திரைக்குள் அசையாமல் இருந்தார்.

"அம்மா, மறுபடியும் நின்னுடுச்சு," என்று சொல்லிவிட்டு மிளகு சமையலறையிலிருந்து ஓடினாள்.

மாடிக்குப் பதினாறு படிகள். அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது, அப்பா வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, டேப்லெட்டைப் பார்த்தபடி மும்முரமாகக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். வாயால் அல்ல, கைகளால். அப்பாவுக்குக் காது கேட்காது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் காது கேட்காத பிள்ளைகளுக்கு, வாரத்தில் மூன்று மாலைகள், சைகை மொழியில் கணக்குச் சொல்லித்தருகிறார்.

மிளகு கதவோரத்து விளக்கு ஸ்விட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். அப்பாவைக் கூப்பிட அந்த வீட்டில் அதுதான் வழி.

அப்பா திரும்பினார். "என்ன?" என்று கையால் கேட்டார்.

"நின்னுடுச்சுப்பா," என்று மிளகும் கையால் சொன்னாள்.

"எந்த இடத்துல?"

"மேல மூணுன்னு சொன்னீங்க. கீழ என்னன்னு சொல்றதுக்குள்ள நின்னுடுச்சு."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் ரெண்டு கணக்கு முடிச்சிட்டேனே. இவ்வளவு நேரம் யாருக்குப் பாடம் நடத்தினேன், இந்தச் சுவருக்கா?"

"சுவருக்கு இனிமே பின்னம் நல்லா வரும்," என்றாள் மிளகு.

அப்பா சிரிக்கவில்லை. டேப்லெட்டை அணைத்து மறுபடி இணைத்தார். திரையில் ஐந்து சின்னக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஒரு கட்டத்திலிருந்த சிறுமி தன் நோட்டைத் திரைக்கு அருகே தூக்கிக் காட்டினாள். அதில் மூன்று என்ற எண் இருந்தது. அதன் கீழே ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அவளை அந்த வகுப்பில் எல்லோரும் கன்னக்குழி என்று அழைப்பார்கள். சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. கன்னத்தில் விரலை வைத்து ஒரு சுழற்று சுழற்றினால் அது கன்னக்குழி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எதையோ வைத்து உருட்டுவது போலக் காட்டினால் அது மிளகு. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். காரம் பிறகுதான் தெரிந்தது என்பான் அண்ணன்.

கன்னக்குழி படிக்கும் பள்ளியில் சைகை மொழி தெரிந்தவர் யாருமே இல்லை. ஒருநாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அவள் மிளகிடம் சொல்லியிருந்தாள்: "எங்க ஸ்கூல்ல 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா நான் தலையாட்டிடுவேன். புரியலைன்னு சொல்றது உங்க அப்பாகிட்ட மட்டும்தான்."

அன்று வகுப்பு முடிவதற்குள் அப்பாவின் கைகள் இன்னும் நான்கு முறை நின்றன.

வகுப்பு முடிந்து சற்று நேரத்தில் அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அந்த வகுப்புகளை நடத்தும் அமைப்பிலிருந்து வந்திருந்தது. படித்துவிட்டு அப்பா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் கைகள் வேகமாகும். வருத்தம் வந்தால் சின்னதாகிவிடும். இப்போது நெஞ்சுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சமாக அசைந்தன.

"எட்டு பேர்ல மூணு பேர் வகுப்புக்கு வராம நின்னுட்டாங்க இல்ல, பாதிப் பாடம்தான் தெரியுதுன்னு அவங்க வீட்டுல புகார் சொல்லியிருக்காங்க. வர்ற புதன்கிழமை மேற்பார்வையாளர் வகுப்பைப் பார்க்கிறாங்களாம். அன்னைக்கும் இப்படித்தான்னா வகுப்பை நிறுத்திடுவாங்களாம்."

"நிறுத்திட்டா அந்தப் பிள்ளைங்க?" என்று அம்மா கேட்டார். அம்மா மருந்துக்கடையில் வேலை செய்பவர். வீட்டுக்கு வந்தபிறகும் அவர் உடம்பில் மருந்து வாசனை இருக்கும்.

"வேற வாத்தியார் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதுதான். இப்போதைக்கு யாரும் இல்ல."

மிளகு அந்த நோட்டை நினைத்துக்கொண்டாள். மூன்று, ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே வெறுமை.

இணைய இணைப்புத் தரும் கம்பெனியிலிருந்து போன வாரமே ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வெளியிலிருந்து வரும் வயரைத் தன் லேப்டாப்பில் நேராகச் சொருகி அரைமணி நேரம் சோதித்தார். "வர்ற லைன்ல ஒரு குறையும் இல்ல. உங்க ரௌட்டர்தான் ஓய்வு கேக்குது. புதுசு மாத்துங்க," என்று சொல்லியிருந்தார்.

"கீழ் ரூம்ல ரௌட்டருக்குப் பக்கத்துல உக்காந்து வகுப்பு எடுக்க முடியாதா?" என்று அண்ணன் கேட்டான். அவனுக்குப் பதினான்கு வயது.

"கீழ இருட்டு. கை தெரிய வெளிச்சம் வேணும், பின்னாடி வெறும் சுவர் வேணும். ரெண்டும் மாடியிலதான் இருக்கு," என்றார் அப்பா.

"வயரை இழுத்து டேப்லெட்ல மாட்டிடலாமே."

"மாட்டலாம். எங்க மாட்டுறதுன்னு நீ காட்டு."

அண்ணன் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வயர் நுழைகிற அளவுக்கு அதில் ஓட்டை எதுவும் இல்லை.

"சரி, புது ரௌட்டர்தான்," என்றார் அம்மா.

மறுநாள் காலை நால்வரும் கடைக்குப் போனார்கள்.

ஒரு சுவர் முழுக்க ரௌட்டர்கள். அண்ணனின் கண்கள் நேராக ஒன்றின்மேல் போய் நின்றன. கறுப்பு நிறம். சுற்றிலும் எட்டு ஆன்டெனாக்கள். நடுவில் சிவப்பு விளக்குகள் ஓடின. மேசைமேல் ஒரு பெரிய சிலந்தி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"இதை வாங்கினா ராத்திரி நான் எழுந்து தண்ணி குடிக்கவே வர மாட்டேன்," என்றார் அம்மா. "அந்த வெள்ளை உருண்டை எவ்வளவு லட்சணமா இருக்கு."

"அம்மா, நாம பூச்சாடி வாங்க வரலை," என்றான் அண்ணன்.

விற்பனையாளர் ஓடி வந்தார். "தம்பிக்கு விஷயம் தெரியுது. இது ராஜா சார். ஒரு முழு சினிமா பத்து செகண்ட்ல இறங்கிடும்," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

மிளகு அதைக் கையால் அப்பாவுக்குச் சொன்னாள். விற்பனையாளர் ஒரு கணம் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா வீடியோவுல கிளாஸ் எடுக்கிறார். அடிக்கடி நின்னு போகுது. நிக்காம இருக்கணும்," என்றாள் மிளகு.

"ஓ, கிளாஸா? நின்னா ஒண்ணும் பயப்படாதே பாப்பா. வீடியோவை ஆஃப் பண்ணிட்டுக் குரல்ல மட்டும் பேசச் சொல்லு. குரல் கட்டே ஆகாது."

மிளகு அதையும் ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குச் சொன்னாள். அப்பா சிரித்தார். பிறகு கையால் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றார் விற்பனையாளர்.

"அவர் குரல் பிறந்ததுல இருந்தே கட்லதான் இருக்காம்," என்றாள் மிளகு.

விற்பனையாளருக்குக் காது சிவந்துவிட்டது. அதன்பிறகு அவர் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசினார்.

எதை வாங்குவது என்று கையைத் தூக்கச் சொன்னார் அப்பா. சிலந்திக்கு அண்ணன் தூக்கினான். மிளகும் தூக்கினாள். வெள்ளை உருண்டைக்கு அம்மா மட்டும். எட்டு ஆன்டெனா இருந்தால் எட்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சிவப்பு விளக்கும் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சிலந்தியை மாட்டினான். வேகத்தை அளக்கும் செயலியில் எண் கிடுகிடுவென்று ஏறியது. பழைய ரௌட்டரைப் போல ஏழு மடங்கு.

"இரு, இன்னும் சோதிக்கணும்," என்று அவன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். தன் நண்பனை அழைத்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, கால் மணி நேரம் கதை அளந்தான். இறங்கி வரும்போது முகமெல்லாம் பல்.

"ஒரு தடவைகூட கட் ஆகலை. ஒவ்வொரு சொல்லும் கணீர்னு இருக்கு."

அப்பா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை மாலை வகுப்பு தொடங்கியது. மிளகு வழக்கம்போல கீழே அம்மாவின் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு ரொட்டியை நான்காக வெட்டுவது எப்படி என்று காட்டினார். ஒரு துண்டு. இரண்டு துண்டு. கத்தி அந்தரத்தில் நின்றது.

ஐந்தாறு நொடி கழித்துப் படம் மறுபடி ஓடியது. அதற்குள் ரொட்டி வெட்டி முடிந்திருந்தது. நான்கு துண்டுகளையும் அப்பா பங்குபோட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் நின்றது. பழைய ரௌட்டரில் நின்றால் நின்றதுதான், ஓடிப்போய்ச் சொல்லலாம். இது நின்றது, ஓடியது, நின்றது, ஓடியது. மிளகு மாடிப்படியில் பாதி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

திரையில் கன்னக்குழி கையை உயர்த்தினாள். "புரியலை," என்றாள். சற்று நேரத்தில் மறுபடியும், "புரியலை." மூன்றாவது முறை அப்பா கேட்டபோது, அவள் மெல்லத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை மிளகு பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

"என்னால நம்பவே முடியலை," என்றான் அண்ணன், வகுப்பு முடிந்ததும். "நான் பேசினப்போ அவ்வளவு நல்லா கேட்டுச்சு."

மிளகு படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டினாள்.

"அண்ணா, நீ பேசுறப்போ உன் படம் நின்னுச்சா?"

"யாருக்குத் தெரியும்? பேச்சுதான் நல்லா கேட்டுச்சே. படத்தை யார் பார்த்தா?"

"நீ கேட்டே. உன் ஃப்ரெண்டும் கேட்டான். அப்பா கிளாஸ்ல யார் கேக்கிறாங்க?"

அண்ணன் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தான்.

"நம்ம காதை வெச்சுச் சோதிச்சுட்டோம்," என்றாள் மிளகு. "அப்பாவோட கையை வெச்சுச் சோதிக்கவே இல்ல."

அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தான். காது கேட்காத அப்பாவோடு பிறந்ததிலிருந்து வாழ்கிறார்கள். இது ஏன் தோன்றவில்லை என்று இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

"கையை வெச்சு எப்படிச் சோதிக்கிறது?" என்று பிறகு அவன் கேட்டான்.

"எண்ணச் சொல்லலாம். ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும். நாம வெளியில எங்கேயாவது இருந்து, தெரியுற எண்ணை மட்டும் எழுதணும். எழுதாம விட்ட எண் எல்லாம் அப்பா கை நின்னுபோன இடம்."

"நீ எழுதுற இடத்துல நெட் மோசமா இருந்தா? குத்தம் அப்பாவோட ரௌட்டர் மேலயா, உன் போன் மேலயான்னு எப்படிச் சொல்லுவே?"

மிளகு யோசித்தாள். "நீ ஒரு இடத்துல எழுது. நான் ஒரு இடத்துல எழுதுறேன். ரெண்டு பேருக்கும் ஒரே எண் காணாம போனா, குத்தம் வீட்டுலதான்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மிளகுன்னு பேர் வெச்சது சரிதான்," என்றான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அண்ணன் நூலகத்துக்குப் போனான். மிளகு அம்மாவின் மருந்துக்கடையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அப்பா மாடியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றார். மூவரும் இணைந்தார்கள்.

அப்பா எண்ணத் தொடங்கினார். இரண்டு நொடிக்கு ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று. மிளகு ஒவ்வொன்றையும் எழுதினாள். பதின்மூன்று வரை சரியாக வந்தது. பிறகு கை நின்றது. அது மறுபடி அசைந்தபோது அப்பா பதினேழில் இருந்தார்.

எண்ணி முடித்ததும் அண்ணன் நூலகத்திலிருந்து மருந்துக்கடைக்கு ஓடி வந்தான். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

மிளகின் தாளில் பதினான்கு, பதினைந்து, பதினாறு இல்லை. அண்ணனின் தாளிலும் இல்லை. நாற்பத்திநான்கு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இரண்டிலும் இல்லை. எழுபத்திநான்கிலும் அதே கதை.

"முப்பது முப்பதா தள்ளி நிக்குது," என்றாள் மிளகு. "மூச்சு வாங்குற மாதிரி."

அம்மா கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இந்தத் தாளோட அந்தக் கடைக்குப் போங்க. பில்லை எடுத்துக்கோங்க. சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வீடு வரணும்."

கடையில் அதே விற்பனையாளர் இருந்தார். மிளகு அவரைத் தாண்டி நேராகக் கடைசி வரை நடந்தாள். அங்கே பழுது பார்க்கும் இடம் இருந்தது. கொண்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சொருகிக்கொண்டு, ஓர் அக்கா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில், திரும்பி வந்த ரௌட்டர்கள் வரிசையாக இருந்தன. அதில் ஆறு சிலந்திகள் இருந்தன.

"அக்கா, ஏழாவது சிலந்தி வீட்டுல இருக்கு," என்றாள் மிளகு.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மிளகு இரண்டு தாள்களையும் நீட்டினாள். என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று அண்ணன் விளக்கினான். அக்கா தாள்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை உருவி, அதன் முனையால் விட்டுப்போன எண்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"நான் இங்க வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. 'நெட் சரியில்ல'ன்னு மட்டும்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எப்போ சரியில்லைன்னு எழுதிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்," என்றார்.

"ஏன் அக்கா நிக்குது?"

"இந்தப் பெட்டிக்கு வேகத்து மேல பேராசை. உள்ள ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு ரொம்ப வேகம், ஆனா பக்கத்துல மட்டும்தான் எட்டும். இன்னொண்ணு நிதானம், சுவரைத் தாண்டி மாடி வரைக்கும் போகும். உங்க மாடிக்கு வேகப்பாதை சரியா எட்டலை. ஆனாலும் இது விடாம, 'இப்போ எட்டுதா, இப்போ எட்டுதா'ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதையை மாத்திப் பார்க்குது. மாறுற அந்த நேரத்துல உங்க அப்பா கை நின்னுடுது."

"அண்ணன் பேசினப்போ மட்டும் ஏன் நிக்கலை?"

"பேச்சு ரொம்பச் சின்ன சுமை. மாறுற நேரத்துல இணைப்பு மெலிஞ்சாலும் அது புகுந்து போயிடும். கை அசையுற படம் அப்படி இல்ல. ஒரு விரல் தெரியாம போனா எண்ணே மாறிடும்."

"மாத்தாதேன்னு அதுகிட்டச் சொல்ல முடியாதா?" என்றான் அண்ணன்.

"சில பெட்டியில சொல்லலாம். இது சொன்ன பேச்சைக் கேக்காது."

மிளகு சுற்றிலும் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் கல்லாவில் வரிசையாக நின்றிருந்தார்கள். கல்லாவில் இயந்திரம் பில்களைத் துப்பிக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒன்று தோன்றியது.

"அக்கா, இந்தக் கடையோட பில் மெஷினுக்கு எந்த ரௌட்டர்?"

அக்கா மேலே கையைக் காட்டினார். மேல் தட்டில், தூசி படிந்து, சோப்புப் பெட்டி போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. இரண்டே இரண்டு குட்டை ஆன்டெனாக்கள். ஒரே ஒரு பச்சை விளக்கு.

"நாலு வருஷமா ஓடுது. மாடியில இருக்கிற குடோன் வரைக்கும் அதுதான். துடைக்கக்கூட நான் அதைத் தொட்டதில்ல."

"அதே மாதிரி புதுசு இருக்கா?"

விற்பனையாளர் இதற்குள் அங்கே வந்திருந்தார். "அதுல வேகம் கம்மி பாப்பா. பெட்டியில போட்டிருக்கிற நம்பரைப் பாரு, சிலந்தியில பாதிகூட இல்ல. அதை யாருமே கேக்க மாட்டாங்க."

"எவ்வளவு வேகமா ஓடும்னு நாங்க கேக்கலை அங்கிள். நிக்காம ஓடுமான்னுதான் கேக்குறோம்," என்றாள் மிளகு.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய், ஒரு பெட்டியைத் தேடி எடுத்து வந்தார். "வாங்கி ஏழு நாள் ஆகலை, மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு. எங்க கடையில நல்லா ஓடுதுங்கிறதுக்காக உங்க வீட்டுலயும் ஓடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வீட்டுக்கு வீடு சுவர் வேற. மாட்டிட்டு மறுபடியும் எண்ணிப் பாருங்க. ஒரு எண் குறைஞ்சாலும் தாளோட வாங்க."

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சிலந்தியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போது அதன் ஓர் ஆன்டெனாவை ஒருமுறை தடவினான்.

"பாவம், விளக்கு மட்டும் நல்லா எரிஞ்சுது," என்றான்.

அன்று மாலை சாம்பல் பெட்டி வீட்டில் மாட்டப்பட்டது. வேகச் செயலியை யாரும் திறக்கவில்லை. அண்ணன் நூலகத்துக்கு ஓடினான். மிளகு இருமல் மருந்துகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நாளைக்கு வகுப்பு. இதுவும் நின்றுபோனால் வேறொன்று வாங்கி மாட்டிப் பார்க்க நேரமில்லை.

அப்பா எண்ணினார். பதின்மூன்று. மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு. பதினைந்து. பதினாறு.

"வருதா?" என்று அம்மா ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"பேசாதேம்மா. நானும் எண்ணிட்டு இருக்கேன்."

நாற்பத்தைந்து தாண்டியது. ஐம்பது. அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்திநான்கு.

மிளகின் பென்சில் நின்றது. அறுபத்திமூன்று எங்கே? படம் நிற்கவே இல்லையே. கண் இமைத்துவிட்டாளா? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, நூறு வரை மீதி எல்லாவற்றையும் எழுதினாள்.

வீட்டுக்குப் போனபோது அண்ணனும் வந்து சேர்ந்தான். அவன் முகமும் தொங்கியிருந்தது. இரண்டு தாள்களிலும் தொண்ணூற்றொன்பது எண்கள். இரண்டிலும் அறுபத்திமூன்று இல்லை.

மிளகு தாளை அப்பாவிடம் நீட்டினாள். "ஒண்ணு போயிடுச்சுப்பா," என்று காட்டும்போது அவள் கைகளும் சின்னதாகிவிட்டன.

அப்பா தாளைத் தீவிரமாகப் பார்த்தார். "அறுபத்திமூணா?"

"ஆமா."

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமாப்பா."

அப்பாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. "அதை நான் காட்டவே இல்லையே."

"ஏன்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கையை விரித்தார்கள்.

"நீங்க பார்த்து எழுதுறீங்களா, இல்ல சோம்பேறித்தனமா ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எழுதி வெச்சிட்டு உக்காந்திருக்கீங்களான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நான் வாத்தியார்."

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். மிளகு அப்பாவின் முதுகில் இரண்டு குத்து விட்டாள். அப்பா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இன்னொரு தடவை போங்க. இந்தத் தடவை முந்நூறு வரைக்கும்," என்றார்.

முந்நூறும் வந்தன.

புதன்கிழமை மாலை திரையில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஆறாவதில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பேனாவோடு அமர்ந்திருந்தார். அவர்தான் மேற்பார்வையாளர். சைகை மொழி தெரிந்தவர். மிளகு கீழே இருக்க மாட்டேன் என்று சொல்லி, மாடி அறையின் மூலையில், திரை தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்றான்.

அப்பா ரொட்டியை மறுபடி வெட்டினார். ஒரு துண்டு, இரண்டு, மூன்று, நான்கு. கத்தி எங்கும் நிற்கவில்லை. கன்னக்குழி கையைத் தூக்கி, "புரியலை," என்றாள். அப்பா திரும்பச் சொன்னார். "இன்னும் புரியலை." ரொட்டியை வைத்துவிட்டு ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினார். அவள் நோட்டில் எழுதி, திரைக்கு அருகே தூக்கிக் காட்டினாள். கோட்டுக்கு மேலே மூன்று. கோட்டுக்குக் கீழே நான்கு.

மேற்பார்வையாளர் ஒருமுறைகூட எழுதவில்லை.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அப்பா ஒரு கடினமான கணக்கைப் போட்டு, சுருட்டை என்ற பையனைப் பதில் சொல்லச் சொன்னார். அவன் தலைமுடி போலவே குறும்பும் சுருண்டு சுருண்டு இருக்கும்.

சுருட்டை கையைத் தூக்கினான். அந்தக் கை பாதியில் நின்றது. கண்கள் நிலைகுத்தி நின்றன. வாய் திறந்தபடி நின்றது.

மிளகின் கை தானாக அண்ணனின் கையைப் பிடித்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. மூன்று. ஆறாவது கட்டத்தில் மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டபடி பேனாவின் மூடியைத் திறந்து எதையோ எழுத ஆரம்பித்தார்.

மிளகு திரைக்கு அருகே நகர்ந்து, சுருட்டையின் கட்டத்தையே உற்றுப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பூனை நிதானமாக நடந்து போனது.

அவள் எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் தெரியும்படி கையால் சொன்னாள்:

"நெட் நல்லாத்தான் ஓடுது. பூனை நடக்குது, விசிறி சுத்துது. சுருட்டை மட்டும்தான் நின்னுபோயிருக்கான்."

சுருட்டையின் உதடு துடித்தது. கன்னம் உப்பியது. அதற்கு மேல் தாங்க முடியாமல் அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டான். கன்னக்குழி நோட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற மூவரும் திரையை விட்டே விழுந்துவிட்டார்கள்.

மேற்பார்வையாளர் தான் எழுதியதை ஒரே கோடாக அடித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினார். "நின்னுபோன மூணு பேருக்கும் நானே தகவல் சொல்றேன். வெள்ளிக்கிழமை எட்டு பேரும் இருப்பாங்க," என்றார்.

அப்பாவின் கைகள் பெரிதாக, நெஞ்சிலிருந்து விரிந்து, அவருக்கு நன்றி சொல்லின.

பிறகு சுருட்டையின் பக்கம் திரும்பி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இப்போ விடையைச் சொல்லு. நான் காத்திருக்கேன். என் பக்கம் எதுவும் நிக்காது."

சுருட்டை தலையைச் சொறிந்தான். வேறு வழியில்லாமல், விரல்களை மடக்கி, கணக்கைப் போட ஆரம்பித்தான்.